கடாரம் வரைக்கும் கப்பல் போகுமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் இந்தப் பக்கத்தின் கடைசி வரியாக, "க்ரூசேடர் கிங்ஸ் 3 ஆடுகிறவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்" என்று சும்மா கேட்டுவைத்தேன். நாலு பேர் எழுதுவார்கள் என்று நினைத்தேன். மெயில் பெட்டி ரொம்பி வழிகிறது, மூன்று பேர் இன்லேண்ட் லெட்டரிலேயே எழுதியிருக்கிறார்கள், நன்றாக இருக்கட்டும். முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது ஒரே விஷயத்தைத்தான்: வரும் 2025 அக்டோபர் 28-ம் தேதி, அதாவது தீபாவளி முடிந்த எட்டாம் நாள் வெளியாகப்போகும் 'ஆல் அண்டர் ஹெவன்' என்ற விரிவாக்கத்தில் நம்ம சோழர்களுக்கு என்ன கிடைக்கும்?

இந்த கேம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோமில் இருக்கும் பாரடாக்ஸ் கம்பெனி 2020-ல் வெளியிட்டது. இதில் நீங்கள் ஒரு நாடாக ஆடுவதில்லை, ஒரு ஆளாக ஆடுகிறீர்கள். கல்யாணம் செய்துகொள்ள வேண்டும், பிள்ளை பெற வேண்டும், தம்பி கத்தியோடு வருகிறானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். செத்துப்போனால் வாரிசாகத் தொடர்வீர்கள், வாரிசு இல்லை என்றால் கதை முடிந்தது. இதுவரை மேப்பின் கிழக்கு ஓரம் பர்மாவோடு நின்றுபோயிருந்தது. இப்போது சீனா, கொரியா, ஜப்பான், தென்கிழக்கு ஆசியா எல்லாம் ஒரே மூச்சில் சேர்கின்றன. இனி கேள்விகள்.

ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டு ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது. இந்த வருஷம் சரியாக மேப்பும் கிழக்கே விரிகிறது. இது தற்செயலா? ராஜேந்திரனாகவே கடாரத்துக்குப் போக முடியுமா?
கே.எஸ்., பெரம்பூர்

தற்செயல்தான் சார். ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழாவும் நினைவு நாணயமும் ஆக நாம் கொண்டாடிக்கொண்டிருந்தோம். ஸ்டாக்ஹோமில் இருக்கிறவர்கள் அதைப் பார்த்து மேப் வரைந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. அவர்கள் குறி சீனா.

ராஜேந்திரனாக ஆட முடியாது. இந்த கேமில் ஆட்டம் தொடங்கும் வருஷங்கள் மூன்றுதான்: 867, 1066, 1178. ராஜேந்திரன் 1014-ல் பட்டத்துக்கு வந்து 1044-ல் மறைந்தவன், முதல் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். புதிதாக 1025-ஐத் தொடக்கமாகச் சேர்ப்பார்கள் என்று கிளப்பிவிட்டது யார் என்று தெரியவில்லை, ஆனால் அறிவிப்பில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு லேப்டாப்பை மூடிவிடாதீர்கள். 1066-ல் தஞ்சைப் பக்கம் ஆட்சியில் இருப்பவன் ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன். அவனும் 1068 வாக்கில் கடாரத்துக்குப் படை அனுப்பியவன்தான். அப்பா செய்ததைப் பிள்ளை இரண்டாம் தடவை செய்த கதை நம்ம பாடப் புத்தகத்தில் அரை வரியில் முடிந்துபோகும். ஆக, ஆட்டம் தொடங்கி இரண்டாவது வருஷம் நீங்கள் கப்பல் ஏறினால் சரித்திரத்தை விட்டு விலகியவர் ஆகமாட்டீர்கள்.

எனக்கு உண்மையில் ஆவலாக இருப்பது ஊர்ப்பெயர்கள்தான். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டுகளில் வரும் புகழ்ப்பாட்டில், "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று தொடங்கி வரிசையாகப் பதின்மூன்று ஊர்கள் வரும். ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாபப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடைசியில் கடாரம். மாநக்கவாரம் நிக்கோபார், இலாமுரிதேசம் சுமத்ராவின் வடமுனை, கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா, மாதமாலிங்கம் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் பக்கம். ஒன்றிரண்டு ஊர் எங்கே என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். 28-ம் தேதி மேப் திறந்ததும் நான் செய்யப்போகிற முதல் வேலை, சண்டை போடுவது இல்லை, இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊராக டிக் அடிப்பது. பதின்மூன்றில் ஆறு தேறினால் கூட எனக்குத் திருப்தி.

இந்த விரிவாக்கத்தில் கடற்படைச் சண்டை வரப்போகிறது, சோழருக்குத் தனிக் கப்பல் உண்டு என்று என் ரூம்மேட் சத்தியம் செய்கிறான். சாம்பார் இட்லி பந்தயம் கட்டியிருக்கிறோம். யார் ஜெயிப்பார்?
பேச்சிலர், வேளச்சேரி

நீங்கள். இட்லியை ஆர்டர் செய்துவிடுங்கள்.

இந்த கேமில் கடல் சண்டை என்பதே இல்லை. படையைக் கரைக்குக் கொண்டுபோய், தலைக்கு இவ்வளவு என்று பொன் கட்டினால் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகும், எதிரிக் கப்பலோடு நடுக்கடலில் மோதவே முடியாது. கரை இறங்கிய கொஞ்ச நாளைக்குப் படை தள்ளாடும், அந்த நேரத்தில் எதிரி பிடித்துக்கொண்டால் தொலைந்தீர்கள். அவ்வளவுதான் கடல். ஐந்து வருஷமாக இப்படித்தான் இருக்கிறது, அதை மாற்றுவது என்றால் அதுவே ஒரு தனி விரிவாக்கம், சீனாவோடு சேர்த்து இலவச இணைப்பாகக் கொடுக்க மாட்டார்கள்.

இதில் என் ரசிக நண்பர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. சோழர் என்றதும் எல்லோரும் கப்பலுக்குக் கப்பல் மோதுகிற மாதிரி ஒரு படத்தை மனதில் வைத்திருக்கிறார்கள். மெய்க்கீர்த்தியை நிதானமாகப் படியுங்கள். பல கலங்களைக் கடலில் செலுத்தினான், கடாரத்தரசன் சங்கிராம விசையோத்துங்க வர்மனை யானையோடு பிடித்தான், நகர வாசலில் இருந்த வித்யாதரத் தோரணத்தை எடுத்துக்கொண்டான், இப்படித்தான் போகிறது. எல்லாம் கரையில் நடந்த வேலை. கப்பல் அங்கே வாகனம். அந்தக் கப்பல்களில் எத்தனை அரசனுடையவை, எத்தனை வணிகர்களிடம் வாங்கியவை என்பதே ஒரு பெரிய கேள்வி. அப்படிப் பார்த்தால் பொன் கொடுத்துப் படையைக் கப்பலேற்றுகிற இந்த கேமின் ஏற்பாடு அவ்வளவு அநியாயம் ஒன்றும் இல்லை. ரூம்மேட்டிடம் இதையும் சொல்லுங்கள், இட்லியாவது செரிக்கும்.

தென்கிழக்கு ஆசிய ராஜாக்களுக்கு 'மண்டலா' என்று ஒரு தனி ஆட்சிமுறை தருகிறார்களாம். மண்டலம் நம்ம சொல் இல்லையா? சோழமண்டலத்துக்கு இல்லாத மண்டலமா?
ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மாதவரம்

ஐயா, கேள்வி பிரமாதம். நானும் அறிவிப்பைப் பார்த்ததும் இதே இடத்தில்தான் நின்றேன். ஆனால் இரண்டும் ஒரே சொல்லாக இருந்தாலும் ஒரே பொருள் இல்லை.

அவர்கள் எடுத்துக்கொண்டது அர்த்தசாஸ்திரத்தின் ராஜமண்டலத்தில் இருந்து கிளம்பிய சொல்லை. நடுவில் ஒரு பேரரசன், சுற்றிலும் வட்டம் வட்டமாகக் கப்பம் கட்டும் சிற்றரசர்கள், நடுவில் இருப்பவனின் பெருமை மங்க மங்க ஓரத்தில் இருப்பவன் நழுவி அடுத்த வட்டத்துக்குப் போய்விடுவான். எல்லைக்கோடு என்று ஒன்று கிடையாது. தென்கிழக்கு ஆசிய சரித்திரத்தை விளக்குவதற்கு ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சொல்லைப் பழக்கத்தில் கொண்டுவந்தார்கள், கேம்காரர்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். கம்போடியாவுக்கும் சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்துக்கும் அது நன்றாகவே பொருந்தும்.

நம்ம சோழமண்டலம் வேறு. அது வளநாடு, நாடு, ஊர் என்று கீழே இறங்கும் நிர்வாகப் படிக்கட்டின் மேல்படி. ராஜராஜன் காலத்தில் தொண்டை மண்டலத்துக்கு ஜெயங்கொண்ட சோழமண்டலம் என்று பெயர் மாற்றினார்கள், அதாவது இன்றைய சென்னைக்காரர்கள் நாம் எல்லோரும் அந்த மண்டலத்து ஆட்கள். ஈழத்தில் பிடித்த பகுதி மும்முடிச் சோழமண்டலம். நிலத்தை அளந்து, வரிக் கணக்கு எழுதி, கல்லில் வெட்டிவைத்தவர்கள் அவர்கள். (இன்னொன்று: சோழமண்டலம்தான் ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் ஆகி, இன்று சென்ட்ரலில் இருந்து கிளம்பும் எக்ஸ்பிரஸ் ரயில் வரைக்கும் வந்து நிற்கிறது.)

ஆனால் ஐயா, சோழரிடம் அந்தப் பழைய வகை மண்டலமும் கொஞ்சம் இருந்தது. காவிரிப் பக்கம் கணக்குப்பிள்ளை ஆட்சி, ஆந்திரத்து வேங்கியிலும் கடாரத்திலும் போய்வந்தால் போதும் என்கிற கப்பம் ஆட்சி. ரசிகர்கள் சிலர் சோழருக்கும் மண்டலா முறை கொடுத்துவிடுவார்கள் என்று ஊகிக்கிறார்கள். கொடுத்தால் பாதிதான் சரி என்பது என் கட்சி.

சீனாவில் பரீட்சை எழுதி அதிகாரி ஆகலாமாம். நம்ம உத்திரமேரூர் குடவோலையை ஏன் சேர்க்கவில்லை?
பி.ஏ. வரலாறு மாணவி, சைதாப்பேட்டை

சேர்த்திருந்தால் நான் முதல் ஆளாக வாங்கியிருப்பேன். சென்னையில் இருந்து காலையில் பஸ் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பார்த்துவிடக்கூடிய ஊர், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை. ஊரை முப்பது குடும்பாக, அதாவது வார்டாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வயது முப்பத்தைந்துக்குக் குறையக்கூடாது, எழுபதைத் தாண்டக்கூடாது. சொந்த நிலம், சொந்த மனையில் வீடு வேண்டும். முன்னால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக்கூடாது, அவனுடைய நெருங்கிய சொந்தக்காரனும் நிற்கக்கூடாது. கடைசி விதியை மட்டும் இன்றைக்குக் கொண்டுவந்தால் எத்தனை பேர் தேறுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் வரலாறு படிக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். இது ஊரில் இருந்த எல்லோருக்குமான தேர்தல் இல்லை. உத்திரமேரூர் பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். வேதம் படித்த, நிலம் வைத்திருந்த ஆண்களின் சபை. பள்ளிக் கட்டுரைப் போட்டியில் "உலகின் முதல் ஜனநாயகம்" என்று எழுதிப் பரிசு வாங்கிவிடலாம், கல்லூரியில் அப்படி எழுதாதீர்கள்.

கேமுக்கு வருவோம். சீனப் பரீட்சை ஒரு தனி மனிதனின் வாழ்க்கையை மாற்றுகிறது. ஏழைப் பையன் பாஸ் செய்கிறான், மந்திரி ஆகிறான், பிறகு எவனோ பொறாமைப்பட்டுக் கவிழ்க்கிறான். இந்த கேமுக்கு அது அல்வா மாதிரி. குடவோலையோ ஒரு ஊரின் ஏரி வாரியத்துக்கு யார் என்பதைத் தீர்மானிக்கிறது. ராஜாவாக ஆடுகிறவன் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. சேர்க்காததற்கு அலட்சியம் ஒரு காரணம் என்றால், இது பாதிக் காரணம்.

என் மகன் காலேஜ் மூன்றாம் வருஷம். ராத்திரி இரண்டு மணிவரை இந்த கேம். கேட்டால் "இந்த மாசக் கடைசியில் சீனா வரட்டும்மா, அப்புறம் நிறுத்திடறேன்" என்கிறான். நிறுத்துவானா?
ஒரு தாய், நங்கநல்லூர்

மாட்டான் அம்மா. சீனா வந்தால் ஆட்டம் பெரிசாகும், சின்னதாகாது.

திட்டுவதற்கு முன்னால் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் ராஜா யாரைக் கட்டியிருக்கான்? மாமனார் யாரு? மூத்தவனுக்கும் இளையவனுக்கும் ஏன் ஆகலை?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று தலைமுறை உறவுமுறையை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான், சொந்தச் சித்தப்பா பிள்ளை பெயர் தெரியாதவன். அதற்குப் பிறகு பதினொன்றரைக்குப் படுத்துவிட வேண்டும் என்று பேசுங்கள். கொஞ்சம் கேட்பான். செமஸ்டர் பரீட்சை நவம்பரில் என்றால் முடிந்தபிறகு வாங்கச் சொல்லுங்கள், அதற்குள் விரிவாக்கத்தில் இருக்கிற பிழைகளையும் பேட்ச் போட்டுச் சரிசெய்திருப்பார்கள். அவனுக்கும் லாபம்தான்.

புதுசாகத் தொடங்குகிறேன். சோழனாக ஆட 867, 1066, 1178 மூன்றில் எது?
ஐ.டி. ஊழியர், பெருங்குடி

1066. யோசிக்கவே வேண்டாம்.

867-ல் விஜயாலயன் தஞ்சாவூரைப் பிடித்து வைத்திருக்கும் சின்ன ஆள், தலைக்குமேல் பல்லவர், கீழே பாண்டியர், அடுத்த பதினைந்து வருஷத்துக்குள் திருப்புறம்பியத்தில் எல்லோரும் மோதிக்கொள்ளப் போகிறார்கள். சுவாரஸ்யம்தான், ஆனால் புதியவருக்கு மூச்சுமுட்டும். 1178-ல் மூன்றாம் குலோத்துங்கன் வருகிறான், திறமைசாலி, ஆனால் வீட்டு ஓடு பெயர ஆரம்பித்த காலம்.

1066-ஐ ஏன் சொல்கிறேன் என்றால், அது இந்த கேமுக்காகவே நடந்த மாதிரியான குடும்பக் கதை. ராஜேந்திரனுக்குப் பிறகு அவன் பிள்ளைகள் மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக ஆண்டார்கள். மூத்தவன் ராஜாதிராஜன் 1054-ல் கொப்பத்துப் போரில் யானைமேலேயே செத்தான். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் அதே போர்க்களத்தில் முடிசூட்டிக்கொண்டு சண்டையை ஜெயித்தான். மூன்றாமவன் வீரராஜேந்திரன், நீங்கள் அவன்தான். உங்கள் மகளை மேலைச் சாளுக்கிய இளவரசன் விக்ரமாதித்தனுக்குக் கொடுப்பீர்கள். 1070-ல் நீங்கள் இறந்ததும் மகன் அதிராஜேந்திரன் பட்டத்துக்கு வருவான், மாப்பிள்ளையே வந்து மச்சானை உட்காரவைத்துவிட்டுப் போவான், ஆனால் அவன் திரும்பிய கொஞ்ச நாளில் கலகத்தில் அதிராஜேந்திரன் காலி. அப்போது வடக்கே வேங்கியில் இருந்து ஒருவன் வந்து இறங்குகிறான். அப்பா வழியில் கீழைச் சாளுக்கியன், அம்மா அம்மங்கை ராஜேந்திர சோழனின் மகள், பாட்டி குந்தவை ராஜராஜனின் மகள், மனைவி மதுராந்தகி தாய்மாமன் இரண்டாம் ராஜேந்திரனின் மகள். மூன்று தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த முறைக்கு வட்டியும் முதலுமாகச் சோழ சிம்மாசனம் கிடைத்தது. அவன்தான் முதலாம் குலோத்துங்கன், ஐம்பது வருஷம் ஆண்டான்.

உங்களுக்கு நாலு வருஷம் இருக்கிறது, அந்த மருமகப் பிள்ளையை என்ன செய்யப் போகிறீர்கள்? பதவி கொடுத்து அடக்குவதா, விஷமா, அல்லது பேசாமல் அவனையே வாரிசாக்கிவிடுவதா? நான் மூன்றையும் செய்து பார்த்தேன். விஷம் வைத்த ஆட்டத்தில் என் சொந்தப் பெண்டாட்டியே காட்டிக்கொடுத்தாள்.

ஒரு குறை மட்டும். ஆட்டத்தின் ஆரம்பத்தில் பெரும்பாலான ராஜாக்களுக்குப் பிள்ளைகளிடையே ராஜ்ஜியத்தைப் பங்குபோடும் சட்டம்தான் வரும். செத்தவுடன் நாடு துண்டு துண்டாகும். சோழர்கள் உயிரோடு இருக்கும்போதே அடுத்தவனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி, ஆட்சியில் பங்கு கொடுத்துப் பழக்கியவர்கள், ராஜ்ஜியம் கூறுபோடப்படாமல் அண்ணனிடம் இருந்து தம்பிக்குப் போனது. சோழருக்கு ஏதாவது தனியாகக் கொடுப்பது என்றால் கப்பலுக்கு முன்னால் இதைக் கொடுக்க வேண்டும்.

என் லேப்டாப் நாலு வருஷப் பழசு. தாங்குமா? நடந்துகொண்டிருக்கும் ஆட்டம் என்ன ஆகும்?
ஜே., அம்பத்தூர்

மேப் பெரிசானால் ஆட்கள் கூடுவார்கள், ஒவ்வொரு ஆளுக்கும் கம்ப்யூட்டர் யோசிக்க வேண்டும், அதனால் கிராபிக்ஸ் கார்டை விட பிராசஸருக்குத்தான் வேலை. ரேம் எட்டு ஜிபிதான் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட் போய் இன்னொரு எட்டு போட்டுக்கொள்ளுங்கள், மாடல் நம்பரை எழுதிக்கொண்டு போங்கள், "எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்" என்று சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

பழைய ஆட்டத்தை 28-க்கு முன்னால் முடித்துவிடுவது நல்லது. இவ்வளவு பெரிய அப்டேட்டுக்குப் பிறகு சேமித்துவைத்த பழைய ஆட்டம் ஒழுங்காக ஓடாது. முடிக்க முடியாவிட்டால், ஸ்டீமில் கேமின் பெயரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் பீட்டாஸ் என்ற பகுதிக்குப் போனால் பழைய வெர்ஷனையே தேர்ந்தெடுத்துவைக்கலாம். மோட் (ரசிகர்களே கேமில் செய்து தரும் மாற்றங்கள்) போட்டு ஆடுகிறவர்கள் இரண்டு மூன்று வாரம் பொறுக்கத்தான் வேண்டும், மோட் செய்கிறவர்களும் வேலைவெட்டிக்கு நடுவில்தான் சரிசெய்கிறார்கள்.

ராஜேந்திரனாகவே ஆடக்கூடிய கேம் ஏதாவது இருக்கிறதா இல்லையா?
பிளஸ் டூ மாணவன், புரசைவாக்கம்

இருக்கிறதே தம்பி. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்று ஒரு விரிவாக்கம் வந்தது. அதுவரை 'இந்தியர்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருந்ததைப் பிரித்து திராவிடர், வங்காளிகள், கூர்ஜரர், இந்துஸ்தானிகள் என்று நாலாக்கினார்கள். திராவிடருக்குச் சுருள்வாள் வீரன் உண்டு, தனிக் கப்பல் உண்டு, ராஜேந்திரன் பெயரிலேயே ஒரு கதைத் தொடரும் உண்டு. சிவிலைசேஷன் 7-லும் சோழர் இருக்கிறார்கள், 'கலம்' என்ற பெயரிலேயே கப்பல், தஞ்சைப் பெரிய கோயில் அதிசயக் கட்டடமாக. அஞ்சுவண்ணம், மணிகிராமம் என்று வணிகக் குழுக்களின் பெயரைக்கூடக் கட்டடங்களுக்கு வைத்திருக்கிறார்கள், யாரோ படித்தவர் அங்கே வேலை பார்க்கிறார்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்றதும் ஒரு பழைய கடுப்பு. 2001-ல் பர்மா பஜாரில் ஒரு கடையில் (எந்தக் கடை என்பதை விடுங்கள்) பேரம் பேசி அந்த கேம் சிடி வாங்கினேன். மூன்று பஸ் மாறி வீட்டுக்கு வந்து போட்டால் ஐயப்பன் பாட்டு. திருட்டு சிடி வாங்கியவனுக்கு ஐயப்பனே நேரில் வந்த மாதிரி இருந்தது. பர்மாவில் இருந்து திரும்பிவந்த தமிழர்களுக்காக 1960-களில் உருவான கடைத்தெரு அது. அந்த பர்மாவும் கடாரமும் இனி ஒரே மேப்பில்.

அதே பாரடாக்ஸின் இன்னொரு கேம் யூரோப்பா யுனிவர்சாலிஸ் 5 நவம்பர் 4-ல் வருகிறது. இது 28-ல். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது.
எஸ்., ஆலந்தூர்

சோழர் வேண்டும் என்றால் இது. அது 1337-ல் தொடங்குகிறது, சோழர் கதை 1279-லேயே முடிந்தது. ஆனால் 1337 தமிழ்நாடு மோசமில்லை: மதுரையில் சுல்தான் ஆட்சி தொடங்கி இரண்டு வருஷம், விஜயநகரம் பிறந்து ஒரு வருஷம், வடக்கே படைவீட்டில் சம்புவராயர். ஆட்களின் கதை பிடிக்கும் என்றால் இதை வாங்குங்கள், கணக்கு வழக்கு பிடிக்கும் என்றால் அதை.

ஐந்து வருஷமாக இந்தியா மேப்பில் இருக்கிறது. வைக்கிங்குக்கு, ஸ்பெயினுக்கு, பாரசீகத்துக்கு, பைசாண்டியத்துக்கு, மங்கோலியருக்கு, இப்போது சீனா ஜப்பானுக்கு என்று விரிவாக்கம் கொடுக்கிறார்கள். நமக்கு எப்போது? அடுத்தது இந்தியாதான் என்று எல்லோரும் சொல்கிறார்களே?
வயிற்றெரிச்சல் வாசகர், கே.கே. நகர்

எல்லோரும் சொல்கிறார்கள் என்பது உண்மை. 2022-ல் இருந்து வருஷா வருஷம் சொல்கிறார்கள். முந்தைய பாகத்துக்கு 2014-லேயே 'ராஜாஸ் ஆஃப் இந்தியா' என்று தனி விரிவாக்கம் கொடுத்தவர்கள், மூன்றாம் பாகத்தில் இந்தியாவை முதல்நாளே மேப்பில் வைத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். தலைவாழை இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உட்காரவைத்துவிட்டுப் பரிமாற ஆள் வராத கல்யாணப் பந்தி மாதிரி இருக்கிறோம்.

ஆனால் கிழக்கு வருகிறதே, அதுவே நமக்குப் பாதி விரிவாக்கம் என்பேன். இதுவரை இந்த கேமில் சோழன் என்றால் முதுகுக்குப் பின்னால் வெறும் தண்ணீர், மேற்கையும் வடக்கையும் பார்த்துச் சாளுக்கியனோடு மல்லுக்கட்டுவதுதான் வேலை. சோழன் உண்மையில் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் மேப்பிலேயே இல்லை. யோசித்துப் பாருங்கள்: ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜயத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டினான், ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிவைத்தான். அந்தச் செப்பேடுகள் ஹாலந்துக்குப் போய்ச் சேர்ந்ததால் இன்று லெய்டன் செப்பேடு என்று சொல்கிறோம். இருபது வருஷத்துக்குள் மகன் அதே அரசமரபின் மேல் படையெடுத்தான். 1077-ல் குலோத்துங்கன் சீனச் சக்கரவர்த்திக்கு எழுபத்திரண்டு பேரைத் தூது அனுப்பினான், கொண்டுபோன சரக்குக்கு ஈடாக 81,800 சரம் செப்புக் காசு கொடுத்து அனுப்பினார்கள். பெயருக்குத் தூது, உள்ளே வியாபாரம். 1088-ல் சுமத்ராவின் பாருசில் நம்ம திசையாயிரத்து ஐநூற்றுவர் என்ற வணிகக் கூட்டம் தமிழில் கல்வெட்டு வெட்டியது. 1281-ல், சோழரே போனபிறகு, சீனாவின் குவான்சோவில் சிவன் கோயில் கட்டித் தமிழில் எழுதிவைத்தார்கள். அரசன் போய்விட்டான், வியாபாரி அங்கேயே இருக்கிறான்.

இதனால்தான் தனி இந்திய விரிவாக்கம் வந்தால் எனக்குக் கப்பல் படம் வேண்டாம் என்கிறேன். ஐநூற்றுவரை ஆடக்கொடுங்கள். சொந்தப் படைவீரர்கள் வைத்துக்கொண்டு, ஊர் ஊராகச் சந்தை போட்டு, கோயிலுக்குத் தானம் எழுதி, அரசன் சண்டைக்குக் கடன் கேட்டால் யோசித்துச் சொல்கிறோம் என்று இழுத்தடிக்கிற ஒரு கூட்டம். ராஜாவாக ஆடி அலுத்துவிட்டது சார். செட்டியாராக ஒருதடவை ஆடிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது இந்தியாதானா? நான் பந்தயம் கட்டமாட்டேன். ஏற்கெனவே ஒரு பிளேட் இட்லி ஓடிக்கொண்டிருக்கிறது.

சென்னை அந்த மேப்பில் இருக்குமா?
ஐந்தாம் வகுப்பு மாணவி, திருவொற்றியூர்

பாப்பா, அப்போது சென்னை என்றே ஒரு ஊர் கிடையாது. மயிலாப்பூர் இருந்தது, திருவான்மியூர் இருந்தது, உன் திருவொற்றியூர் நன்றாகவே இருந்தது. கேமில் காஞ்சிபுரத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கடற்கரைக்கு விரலை நகர்த்தினால் அங்கேதான் நாம்.

கடாரத்துக்குக் கப்பல் அனுப்பினானே ராஜேந்திரன், அவன் காலத்தில்தான் உங்கள் ஊர்க் கோயில் கருவறையைக் கல்லால் கட்டினார்கள். கட்டிய தச்சன் பெயர்கூடக் கல்வெட்டில் இருக்கிறது, ரவி என்கிற வீரசோழத் தச்சன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. நேராக உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்துவிடாதே, பிராகாரத்தில் பின்பக்கமாக வந்து விமானத்தைப் பார். சதுரமாக இருக்காது, யானை படுத்திருக்கும்போது அதன் முதுகு மாதிரி வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்று அதற்குப் பெயர். பார்த்துவிட்டு எனக்கு ஒரு படம் வரைந்து அனுப்பு.